ஒரே ஆண்டு, இரு நாயகர்கள்

காணொளி விளையாட்டுப் போட்டிகளில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் விருதுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் இயங்குகின்றன. ஒன்று வாக்கு, மற்றது கணக்கு. வாக்கு வழியில் அதிகம் பேசப்படுவது, ஜெஃப் கீலி 2014இல் தொடங்கி ஒவ்வொரு டிசெம்பரிலும் நடத்தும் ‘த கேம் அவார்ட்ஸ்’. அங்கே நடுவர்களின் வாக்குக்கு 90 வீதமும் பொதுமக்களின் வாக்குக்கு 10 வீதமும் நிறை கொடுக்கப்படுகிறது. 2016இல் லண்டனில் ஆரம்பமான ‘இ-ஸ்போர்ட்ஸ் அவார்ட்ஸ்’ விழாவிலும் நடுவர் குழுவோடு இரசிகர் வாக்கு சேர்கிறது. கணக்கு வழிக்கு எடுத்துக்காட்டு, கவுன்ரர்-ஸ்ட்ரைக் ஆட்டத்துக்காக எச்எல்ரிவி இணையத்தளம் 2010 முதல் வெளியிட்டுவரும் முதல் 20 பேர் பட்டியல். வீழ்த்திய எதிரிகள், தான் வீழ்ந்த தடவைகள், சுற்றுக்குச் சுற்று ஏற்படுத்திய சேதம் எல்லாம் தொடரின் தரத்தோடு சேர்த்து அங்கே எடைபோடப்படுகின்றன.

வாக்கு எவ்வளவு தூரம் நடுவரின் பார்வையில் தங்கியிருக்கிறது என்பதைத் தென்னாசியா 2019இல் கண்டது. லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ், விசாவிலும் விமானப் பயணத்திலும் அலைக்கழிந்து பெப்ரவரியில் ஃபுகுவோக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த ஈவோ ஜப்பான் தொடரில் ‘ரெக்கன் 7’ பட்டத்தை வென்றார். ஓகஸ்ட்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ இறுதியாட்டத்தில் தென்கொரியாவின் பே ஜே-மினையும் வீழ்த்தினார். ஒரே ஆண்டில் அந்த ஆட்டத்தின் இரு ஈவோ பட்டங்களும் அவர் கையில் இருந்தன. ஈஎஸ்பிஎன் அவரையே ஆண்டின் சிறந்த இ-ஸ்போர்ட்ஸ் வீரர் என்றது. ஆனால் த கேம் அவார்ட்ஸின் ஐவர் கொண்ட பரிந்துரைப் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. விருது, ஃபோர்ட்நைட் உலகக் கிண்ணத்தில் 30 லட்சம் டொலர் வென்ற 16 வயது அமெரிக்கர் புகாவுக்குப் போனது. புகாவின் வெற்றி பெரிய வெற்றிதான். எனினும் ஒரு தொடரை வென்றவர் மேடையேற, இரண்டை வென்றவர் பட்டியலுக்குள்ளேயே வராதது நியாயமான தெரிவு அல்ல.

கணக்குக்கும் குறை உண்டு. ரி1 அணியின் லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ் வீரர், ‘ஃபேக்கர்’ எனப்படும் லீ சாங்-ஹியொக்கின் 2023ஆம் ஆண்டை எண்களால் மட்டும் அளந்தால் அது சாதாரணமாகவே தெரியும். ஜூலையில் கை உபாதையால் அவர் ஓய்வெடுத்தார். ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் தென்கொரியா தங்கம் வென்றபோது இறுதியாட்டத்தில் அவர் இடத்தில் ஆடியவர் சோவி. நவம்பரில் ரி1 அணி லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ் உலகப் பட்டத்தை வென்றபோதும் இறுதியாட்ட நாயகன் விருது சக வீரர் சியூஸுக்கே கிடைத்தது. ஆனாலும் ஃபேக்கர் இல்லாத வாரங்களில் அதே ரி1 அணி தோல்விமேல் தோல்வி கண்டது. அவர் திரும்பியதும் எழுந்தது. அந்த டிசெம்பரில் த கேம் அவார்ட்ஸ் நடுவர்கள் அவரைத் தெரிவுசெய்தது சரியான முடிவு. அணியை ஒழுங்குபடுத்தும் திறனுக்கு எந்தப் புள்ளிவிபரப் பலகையிலும் நிரல் இல்லை.

இன்னொரு சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. 2024 பெப்ரவரியில், 17 வயதில், கவுன்ரர்-ஸ்ட்ரைக்கின் கட்டோவிட்ஸ் தொடரின் நாயகனாக ‘டொங்க்’ என்ற ரஷ்ய இளைஞர் எழுந்தார். டிசெம்பர் 15இல் ஷாங்ஹாய் மேஜர் கிண்ணத்தையும் வென்று, அதிலும் தொடர் நாயகன் ஆனார். த கேம் அவார்ட்ஸ் விழாவோ டிசெம்பர் 12ஆம் திகதியே முடிந்துவிட்டது. பரிந்துரைப் பட்டியல் நவம்பரிலேயே மூடப்பட்டிருந்தது. அதில் அவர் பெயர் இல்லை. ஆண்டு முழுவதையும் பார்த்துவிட்டுப் பட்டியலிட்ட எச்எல்ரிவி அவருக்கு முதலிடம் கொடுத்தது. பருவம் முடியுமுன் வழங்கப்படும் விருதை ஆண்டு விருது என்பது பொருத்தமில்லை.

இலங்கையில் இந்தக் கேள்விகள் இன்னும் அடிமட்டத்தில் நிற்கின்றன. 2007இல் உருவான கேமர் டொட் எல்கே, 2008 முதல் ஸ்ரீலங்கா சைபர் கேம்ஸ் போட்டிகளை நடத்திவந்தது. பாடசாலை மட்டப் போட்டிகளும் பின்னர் வந்தன. விருதுக்கு முந்தியது போட்டி. போட்டிக்கு முந்தியது சமமான களம். யாழ்ப்பாணத்தின் கொழும்புத்துறையில் கைத்தொலைபேசியில் ஆடும் ஒருவர் சிங்கப்பூர் சேர்வரோடு இணைந்தால், அவருடைய கட்டளை ஏறக்குறைய 2,800 கிலோமீற்றர் போய்த் திரும்பவேண்டும். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் செல்லும் என்பதால், நேர்க்கோட்டில் கேபிள் கிடந்தாலும் 28 மில்லிசெக்கன் கரையும். கேபிளின் சுற்றுப்பாதையும் உள்ளூர் அலைவரிசை நெரிசலும் சேர்ந்தால் தாமதம் இன்னும் கூடும். சிங்கப்பூரிலேயே இருக்கும் எதிராளிக்கு அந்தச் சுமை இல்லை. சுடும் ஆட்டங்களில் யார் முதலில் சுட்டார் என்பதையே இந்தத் தாமதம் தீர்மானித்துவிடும்.

ஒரே மண்டபத்தில், உள்ளக வலையமைப்பில் ஆடினால் இந்தப் பாகுபாடு மறையும். லாகூர் வீரரின் திறமையை உலகம் நம்பியதும் நேருக்கு நேர் நடந்த அத்தகைய ஆட்டங்களால்தான். ஆகவே இலங்கையின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஒருவருக்கு விருது கொடுக்க விரும்பும் ஏற்பாட்டாளர்கள் முதலில் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும்: யாழ்ப்பாணத்திலும் ஒரு நேரடித் தகுதிச் சுற்றை நடத்தவேண்டும், ஆட்டப் பதிவுகளை எல்லோரும் பார்க்க வெளியிடவேண்டும், பருவம் முடிந்த பிறகே வாக்கெடுப்பைத் திறக்கவேண்டும்.