விரலுக்குள் உருளும் மணி

சித்திரபுரத்துத் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளும் விரலுக்குப் பகலெல்லாம் அவசரம். எடை போடும் நேரம் யாருக்காகவும் காத்திருக்காது. மாலையில் அதே விரலில் ஜெபமாலை ஏறியதும் வேகம் தானாகத் தணிகிறது. ஒரு மன்றாட்டு முடிந்தால்தான் அடுத்த மணி. மொத்தம் 59 மணிகள். பத்துக்கொரு முறை சங்கிலியில் வரும் இடைவெளியை இருட்டிலும் விரல் கண்டுகொள்ளும். பல வருடம் உருண்ட மரமணிக்கு ஒரு வழவழப்பு உண்டு, புளியங்கொட்டையைப் போல. எண்ணிக்கையை விரல் பார்த்துக்கொள்வதால் மனத்துக்கு அந்தப் பாரம் இல்லை.

திரும்பத் திரும்பச் சொல்வது கிளிப்பேச்சுதானே என்பார்கள். மத்தேயு நற்செய்தியே வீண் சொல் அடுக்குவதற்கு எதிராக எச்சரிக்கிறது, அது லேசான ஆட்சேபமல்ல. ஆனால் அங்கே கண்டிக்கப்படுவது, சொல் மிகுதியால் கடவுளை இணங்கவைக்கலாம் என்ற எண்ணம். தாலாட்டையும் திரும்பத் திரும்பத்தான் பாடுகிறோம். 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூசியானோ பெர்னார்டி குழு வெளியிட்ட ஆய்வில், லத்தீனில் ஜெபமாலை சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. மூச்சு தணிந்ததால் விசுவாசம் நிரூபணமாகிவிடாது. மணி தன் வேலையைச் செய்கிறது என்று சொல்ல அது போதும். நிதானமாகச் சொன்னால் ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் ஆகும்.