ஜோர்டன்ஸின் குட்டைக் கற்கள்

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் ஜோர்டன்ஸ் என்றொரு சிற்றூர். 1688-இல் கட்டப்பட்ட, குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினரின் செங்கல் வழிபாட்டு இல்லத்தை ஒட்டி, மரங்கள் சூழ ஒரு சிறிய இடுகாடு. புல்லுக்கு மேல் சற்றே தலைகாட்டும் அதன் கற்கள் மீது எனக்குத் தனிப் பிரியம். சிலுவையோ தேவதூதரோ இரங்கற்பாவோ கிடையாது. பெயரும் ஆண்டும் மட்டும். பென்சில்வேனியாவை நிறுவி, 1718-இல் மறைந்த வில்லியம் பென் இங்கேதான் இருக்கிறார், இரு மனைவியரோடு. அவருக்கும் அதே எளிய கல்தான். இறப்பிலும் ஒருவர் உயர்ந்து தெரியக் கூடாது என்று நெடுங்காலம் கல்லே வேண்டாம் என்றிருந்தவர்கள் குவேக்கர்கள். 1850-இல்தான் ஒரே மாதிரியான எளிய கற்களுக்கு இசைந்தார்கள்.

எளிய எழுத்தைச் செதுக்குவது எளிய வேலை அல்ல. கொடியும் பூவும் செதுக்கினால் சிறு பிசகு அதற்குள் மறைந்துவிடும். வெறும் பெயரில் எங்கே மறைப்பது? உளியின் சாய்வு மாறாமல், கொட்டாப்புளியின் தட்டு ஒரே சீராக விழ வேண்டும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் வெற்றிடத்தைக் கண்தான் அளக்க வேண்டும். சாய்வெயில் படும்போது அந்தப் பள்ளங்களில் நிழல் இறங்கி எழுத்து துலங்குகிறது. மழை நாளில் கல் கறுக்க, விரலால் தடவியே படிக்கலாம். புல் வெட்டுபவரின் பொறுமையையும் சொல்ல வேண்டும்: இவ்வளவு தாழ்ந்த கற்களை இடிக்காமல், ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து கையால்தான் நறுக்கியாக வேண்டும்.