வேதாளம் பெரியோர்க்கு ஆகுமா?

பகுத்தறிவாளர்க்குப் பேய்க்கதை எதற்கென்று நண்பரொருவர் என்னைக் கடிந்தார். 1947 ஜூலையிற் சென்னையில் தோன்றி, இன்று நின்றுபோன 'அம்புலிமாமா'வின் விக்கிரமாதித்தன் கதைகளையே அவர் குறித்தார். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நான், முப்பது வயதுக்குப் பின்னரே கம்போங் மேடான் வீட்டில் அவற்றைப் படித்தேன். பல கதைகள் ஒரே அச்சில் வார்த்தவை. மந்திரமும் மாயமும் சிறுவர்க்கே உரியவை. ஆயினும் பெரியோர் படிக்கவேண்டும் என்பேன். சில கதைகளின் இறுதியில் வேதாளம் வினவுகிறதே, குற்றம் எவருடையதென்று! விடையறிந்தும் வாய்திறவாவிடில் அரசன் தலை வெடித்துவிடும். திறந்தாலோ பிணம் மீண்டும் மரமேறும், பட்ட பாடெல்லாம் வீண். சிறுவர் மரத்தையே பார்ப்பர். தோட்டத்துக் கிராணியாகிய நானோ, ஒருத்தியின் அரைநாட் கூலி பிழையாக வெட்டப்பட்டதை அறிந்தும் வாளாவிருந்தவன். என் தலை வெடிக்கவில்லை, சம்பளமும் குறையவில்லை.