வாசிப்புக்குப் பரிசு வேண்டுமா?

நகரத்துத் தனியார் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் 'ரீடிங் லாக்' என்றொரு குறிப்பேடு குழந்தையின் பைக்குள் ஏறியிருக்கிறது. புத்தகத்தின் பெயர், பக்க எண்ணிக்கை, கதைச் சுருக்கம், பெற்றோர் கையொப்பம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. ஆண்டு விழாவில் அதிகப் புத்தகம் படித்த குழந்தைக்குச் சான்றிதழ். நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம்தான். ஆனால் அது வாசிப்பை வளர்க்கிறதா, வாசித்ததற்கான கணக்கை வளர்க்கிறதா?

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளி வேன், டியூஷன், கராத்தே, வீட்டுப்பாடம் என்று நகரத்துக் குழந்தையின் நாள் துண்டுதுண்டாகிக் கிடக்கிறது. மிச்சத்தைக் கைபேசி எடுத்துக்கொள்கிறது. 'தினமும் பதினைந்து நிமிடம் புத்தகம்' என்று பள்ளியே சொல்லும்போது அந்த நாளில் வாசிப்புக்கு ஓர் இடம் கிடைக்கிறது. கதைப் புத்தகம் படிப்பைக் கெடுக்கும் என்று நம்பிய பெற்றோர்கூடக் கையொப்பத்துக்காகவாவது புத்தகக் கடைக்குப் போகிறார்கள். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத குழந்தைக்கு இது பெரிய தொடக்கம்.

சிக்கல் பரிசில் தொடங்குகிறது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்க மழலையர் பள்ளி ஒன்றில் நடத்திய ஆய்வு புகழ்பெற்றது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, மற்றவர்களைவிட அவர்களே குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. வாசிப்பை இன்னும் தொடங்காத குழந்தைக்குச் சிறு ஊக்கம் உதவலாம். ஏற்கெனவே ஆசையாகப் படிக்கும் குழந்தைக்கு 'படித்தால் பரிசு' என்று சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

எண்ணிக்கையால் இன்னொரு கேடும் உண்டு. எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் ஒல்லியான புத்தகமே லாபம். பிடித்த கதையை ஐந்தாம் முறை படிக்க அந்தக் குறிப்பேட்டில் கட்டம் இல்லை. ஆறேழு வயதில் தடங்கலில்லாத வாசிப்பு பெரும்பாலும் அந்த மறுவாசிப்பில்தான் கைகூடுகிறது. கதைச் சுருக்கமோ, எழுதக் கை வலிக்கும் வயதில் ஒவ்வொரு கதைக்கும் விதிக்கும் அபராதம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மொழி. இந்தக் குறிப்பேடுகளை நிரப்புபவை பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். ஆங்கிலம் தேவைதான். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் குழந்தை ஆங்கிலத்தில் ஒலியையும் தேட வேண்டும், பொருளையும் தேட வேண்டும். தமிழில் எழுத்துக்கூட்டி முடித்ததும் 'அணில்' என்ற சொல் காதுக்குத் தெரிந்த அணிலாகவே வந்து நிற்கிறது. தமிழிலும் ஒரு தடை இருக்கிறது. 'வந்துட்டான்' என்று பேசும் குழந்தை புத்தகத்தில் 'வந்துவிட்டான்' என்று பார்க்கிறது. பெரியவர் ஒருவர் உரக்க வாசித்துக் காட்டினால் அந்த இடைவெளியைக் காது கடந்துவிடும். பிறகு கண்ணும் பழகிக்கொள்ளும். அப்பா, அம்மாவின் குரல் செய்யும் இந்த வேலையைக் கையொப்பம் செய்யாது.

இந்த வகையில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் ஒரு நல்ல பாதையைக் காட்டுகிறது. 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் படங்களோடு சிறு தமிழ் நூல்கள். குழந்தை எத்தனை படித்தது என்பதைவிட, எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கேட்கும் அமைப்பு இது. ஆனால் கிழிந்துவிடும், கணக்குக் காட்ட வேண்டும் என்ற அச்சத்தில் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டப்பட்டால் எந்தத் திட்டமும் வீண். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதைத் தம் ஐந்து நூலகவியல் விதிகளில் முதலாவதாக 1931இல் வைத்தவர், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். தெருவோரக் கிளை நூலகம் நம் குழந்தைகளுக்கும் உரியது. பள்ளி விட்டபின் அவர்கள் அங்கே போய் உட்கார வழி வேண்டும்.

ஆகவே அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கட்டும், போட்டி போகட்டும். கதைச் சுருக்கத்துக்குப் பதிலாக வகுப்பில் ஆசிரியர் தினமும் ஒரு கதையை உரக்க வாசிக்கட்டும். எந்தப் புத்தகம் என்பதைக் குழந்தை தேர்ந்தெடுக்கட்டும். பிடிக்காததைப் பாதியில் மூடிவைக்கவும் அதற்கு உரிமை இருக்கட்டும். ஆண்டு முடிவில் எதையாவது எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால், பள்ளி அலமாரியில் ஓரம் மடிந்து, அட்டை நைந்து, ஒட்டுப் போட்டுத் திரும்பி வந்த புத்தகங்களை எண்ணுவோம்.