உறுதியும் தோம்பும்: தா. சனாதனனின் கலப்பூடகப் படைப்புகளின் ஊற்றுக்கண் பற்றி

கலைஞர் ஒருவர் தமது படைப்பின் ஊற்றுக்கண் இன்னதெனக் கூறும்போது அக்கூற்றைத் திறனாய்வு எவ்வாறு கையாள வேண்டும் என்பது தமிழில் போதிய அளவு விவாதிக்கப்படவில்லை. கவிஞரின் முன்னுரையையும் நாவலாசிரியரின் நேர்காணலையும் ஐயத்தோடு வாசிக்கப் பழகிய தமிழ்த் திறனாய்வு, காண்பியக் கலைஞரின் வாய்மொழியை மட்டும் படத்தின் கீழ் ஒட்டப்பட்ட விளக்கச் சீட்டாகவே ஏற்றுக்கொள்கின்றது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவருமாகிய தா. சனாதனனின் படைப்புகள் இவ்வகை வாசிப்பினால் ஓரளவு இழப்புக்குள்ளாகியுள்ளன. வீடு, இடப்பெயர்வு, நினைவு ஆகிய மூன்றும் அவரது உரைகளில் மீண்டும் மீண்டும் வருவன. அவற்றைக் கேட்ட பார்வையாளர் படைப்பை ஏக்கத்தின் வெளிப்பாடு என்று வகைப்படுத்திவிட்டு அமைதியடைகின்றனர். ஆனால் அதே கலைஞர் தமது முதன்மையான படைப்பொன்றுக்குச் சூட்டிய பெயர் ஏக்கத்தின் சொல் அன்று, கந்தோர்ச் சொல். இக்கட்டுரை அச்சொல்லிலிருந்து தொடங்குகின்றது.

'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் தலைப்புடன், சர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பக அமைப்பின் வழியாக 2011இல் வெளிவந்த நூல்வடிவக் கலைப்படைப்பு அது. தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல்லின் வழியாகத் தமிழுக்கு வந்தது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரும், அவர்களைத் தொடர்ந்து 1795 வரை ஆண்ட ஒல்லாந்தரும் குடிகளையும் காணிகளையும் வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் பதிந்து வைத்த ஏடுகளே தோம்புகள். யாருடைய காணி, எவ்வளவு பரப்பு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பன அவற்றில் உண்டு. அந்தக் காணியில் ஒருவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பது அவற்றில் இல்லை. அதைப் பதிவது பதிவாளரின் தொழிலும் அன்று.

சனாதனனின் நூலில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தந்துள்ளனர். ஒவ்வொன்றுடனும் அதே வீட்டின் முறைசார்ந்த கட்டடக்கலை வரைபடமும், கலைஞர் உலர் வண்ணக்கோலால் தீட்டிய ஓவியமும் சேர்கின்றன. ஒரே வீடு மூன்று கைகளில் மூன்று முறை வரையப்படுகின்றது. இம்மூன்றும் ஒன்றோடொன்று இசைவதில்லை என்பதுதான் நூலின் உயிர். வீட்டுக்காரரின் கை அளவுகோலை மதிப்பதில்லை. ஓர் அறை வீங்குகின்றது, இன்னொன்று சுருங்குகின்றது. கட்டடக்கலைஞரின் கோடு அந்த வீக்கத்தைத் திருத்தி, சுவரை நேராக்கி, வாசலை அதன் இடத்தில் வைக்கின்றது. அவ்வாறு திருத்தப்படும்போது எது காணாமற்போகின்றது என்பதைப் பார்வையாளர் தமது கண்ணாலேயே அளந்துகொள்ளலாம்.

இங்கு யாழ்ப்பாணத்து வழக்குச்சொல் ஒன்றை நினைவுகூர்தல் தகும். காணிப் பத்திரத்தை அம்மக்கள் 'உறுதி' என்பர். திடம், நிச்சயம் என்னும் பொருளுடைய சொல்லே நொத்தாரிசு எழுதித் தரும் தாளுக்கும் பெயராயிற்று. 'உறுதி இருக்கிறதா?' என்ற கேள்வி அங்கு காணியைப் பற்றியது, வாழ்வைப் பற்றியதும்கூட. போர்க்காலத்தில் எந்த நேரமும் எடுத்துக்கொண்டு ஓடத்தக்கதாக வீடுதோறும் ஒரு பை ஆயத்தமாக இருந்தது. அதில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு ஆகியன இருந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வெளியேறியபோது பலர் கையில் எஞ்சியது அந்தப் பைதான். ஆகவே இடப்பெயர்வு நிலத்தோடும் உடலோடும் மட்டும் நிகழ்ந்ததன்று, தாளோடும் நிகழ்ந்தது. தோம்பின் வடிவைக் கலைஞர் தேர்ந்தது அழகியல் விளையாட்டு அன்று என்பதற்கு இதுவே முதற்சான்று. அரசு எந்த மொழியில் உடைமையை ஏற்றுக்கொள்கின்றதோ அந்த மொழியின் வடிவத்தை எடுத்து, அது ஏற்காத சாட்சியத்தை அதனுள் அவர் எழுதுகின்றார்.

உறுதியின் உரைநடையை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். யாழ்ப்பாணத்து உறுதியில் காணிக்கென்று ஒரு பெயர் உண்டு. பரப்பும் குழியும் உண்டு. கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக நான்கு எல்லைகள் உண்டு. கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார், தெற்கே இன்னார் என்று அது செல்லும். அதாவது ஒருவரின் நிலம் எங்கே முடிகின்றது என்பதை அயலவரின் பெயரே தீர்மானிக்கின்றது. அயலவர் போய்விட்டால், நிலம் இருந்த இடத்திலேயே இருப்பினும் அதன் எல்லை மொழியில் கரைந்துவிடுகின்றது.

இவ்விடத்தில்தான் நூல் தமிழ் வாசகருக்கு எளிதாக விழுங்க முடியாததாகின்றது. படம் வரைந்தோரில் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர். 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது ஓரிரு மணிநேரம். கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்டது மிகச் சில. தமிழரின் இழப்பை மட்டும் தொகுக்கும் ஏடாக இந்நூல் அமைந்திருந்தால் அதற்குப் புலம்பெயர் அரங்குகளில் இன்னும் எளிதான வரவேற்புக் கிடைத்திருக்கும். துரத்தப்பட்ட அயலவரின் வீட்டையும் அதே தோம்பில், அதே தாளளவில், அதே வரிசையில் வைத்ததன் மூலம் கலைஞர் நான்கெல்லையில் ஒன்றை மீளவும் எழுதியுள்ளார். நூலைப் போற்றுவோர் பலரும் இதனைக் கடந்து செல்வது தற்செயல் என்று கொள்ள இயலாது.

வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கமும் கருதத்தக்கது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டம் அவ்வழக்கத்தைச் சட்டமாக்கியது. யாழ்ப்பாணத்துத் தரைப்படம் ஒன்றை வாசிப்போர், அது தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வீடா, இன்னொரு மகளுக்காகப் பிரித்த வளவா என்று கேட்க வேண்டியவராகின்றனர். இழந்தது கூரை மட்டும் அன்று, ஒரு பெண்ணின் திருமணமும்கூட என்பது அந்தக் கேள்வியிலிருந்தே புலனாகும்.

நூலின் மூன்றாம் அடுக்காகிய வண்ணக்கோல் ஓவியங்களைப் பற்றிக் கருத்து வேறுபடலாம். கலைஞரின் தனிக்குரல் ஒலிப்பது அவற்றில்தான். தனித்து நோக்குமிடத்து அவை வலியன. எனினும் நடுங்கிய கையால் வரைந்த தரைப்படத்தின் அருகில் வைக்கும்போது, சொல்லப்பட்டதை மறுபடியும் உரத்துச் சொல்வனவாகச் சில தோன்றுகின்றன. அறையின் அளவு பிழைத்திருப்பதே போதிய துயரமாக இருக்கையில் உருவகத்துக்கு வேலை இல்லை. மறுபுறம், இந்த அடுக்கு இல்லாதிருப்பின் கலைஞர் வெறும் சேகரிப்பாளராக மறைந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்திருக்கும். பிறர் நினைவைத் தொட்டவர் தமது கைரேகையையும் அதே தாளில் விட்டுச்செல்வது நேர்மையான செயலே.

கலப்பூடகம் என்ற வகையையும் இவ்விடத்தில் மீள நோக்க வேண்டும். மேலைக் கலை வரலாறு இதனை ஒட்டுப்படம், பொறுக்கியெடுத்த பொருள் என்னும் நவீனத்துவ மரபிலிருந்து எழுதுகின்றது. சனாதனன் டில்லியில் பயின்றவர், அம்மரபை நன்கறிந்தவர். ஆயினும் 1990களின் யாழ்ப்பாணத்தில் ஊடகங்களைக் கலத்தல் கலையாவதற்கு முன்பே வாழ்முறையாக இருந்தது. பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நிலவிய ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்காயிற்று. சைக்கிள் தினமோவைச் சுழற்றி வானொலி கேட்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சான நாள்களும் இருந்தன. தாளும் தைலவண்ணமும் கிடைக்காத சூழலில் ஓவியம் பயிற்றிய ஆ. மாற்கு (1933-2000), 1995 இடப்பெயர்வில் தம் படைப்புகளில் பெரும்பகுதியை இழந்தார். இத்தகைய சூழலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பொருள் என்பது கடையில் வாங்கும் ஊடகம் அன்று. தப்பிப் பிழைத்தது எதுவோ அதுவே ஊடகம். 2016 கொச்சி முசிறிஸ் பினாலேயில் சனாதனன் காட்சிப்படுத்திய படைப்பு இந்த அன்றாட எதிர்ப்பையே பொருளாகக் கொண்டது. அங்கும் அவர் கையாண்ட வடிவம் ஓர் ஆவண வடிவமே: நூலகத்துப் பட்டியல் அட்டைகள் வைக்கும் இழுப்பறைப் பேழை. பார்வையாளர் இழுப்பறையைத் திறந்து அட்டையைத் தேட வேண்டும்.

நூலகம் இவரது படைப்புலகில் தற்செயலாக வந்ததன்று. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் மீளக் கட்டப்பட்ட பின்னர், 2004இல் அக்கட்டடத்தில் இடம்பெற்ற காட்சியில் அவர் 'வரலாறுகளின் வரலாறு' எனப் பொருள்படும் படைப்பை அமைத்தார். குடாநாட்டின் வீடுகளிலிருந்து பெறப்பட்ட சின்னஞ்சிறு பொருள்களே அதன் உள்ளடக்கம். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான இடத்தில் நூல்கள் அல்லாதவற்றை அடுக்கியது பலருக்கு நெருடலாக இருந்திருக்கலாம். எழுதப்பட்ட வரலாற்றின் இல்லத்தில் எழுதப்படாதவை விருந்தாளிகளாக வந்தன என்று அதனை வாசிக்கவும் இடமுண்டு. சமாதான உடன்படிக்கைக் காலத்தின் இடைவெளியில்தான் அது சாத்தியமாயிற்று என்பதும் மறத்தற்கரியது.

2010இல் கனடாவின் வன்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில் இதே முறை கடல் கடந்தது. அந்நகரில் வாழும் ஈழத்தமிழர் தந்த பொருள்கள் அங்கு வைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் பொருள் தந்தவர் வீட்டுக்குத் திரும்பி நடந்து செல்லும் தூரத்தில் இருந்தார். வன்கூவரில் தந்தவருக்கு அப்பொருளே வீட்டின் எச்சமாக இருந்தது. அதனைக் கையைவிட்டுக் கொடுப்பது வேறொரு செயல். வடமேற்குக் கரையோர முதற்குடி மக்களின் கலங்களையும் குலமரபுத் தூண்களையும் கொண்டு பெயர்பெற்றது அந்த அருங்காட்சியகம். அது நிற்கும் நிலம் மஸ்குவியம் மக்கள் எக்காலத்திலும் ஒப்படைக்காத நிலம். தம் காணியைப் பறிகொடுத்த மக்கள், காணியைப் பறிகொடுத்த இன்னொரு மக்களின் நிலத்தில் குடியேறிகளாக நின்று வீட்டைப் பற்றிப் பேசினர். கலைஞரின் விளக்கங்களை மட்டும் பின்தொடரும் வாசிப்பு இம்முரணை எட்டாது. காட்சி நடந்த இடமே அதனை எழுப்புகின்றது. புலம்பெயர் தமிழியல் ஆய்வு இதுவரை இதனை நேர்கொண்டு பேசாமை வருத்தத்துக்குரியது.

ஊற்றுக்கண் என்ற கேள்விக்கு மீண்டால், இழப்பு இப்படைப்புகளின் பொருள். ஊற்றோ பதிவு என்னும் செயல். தோம்பு, பட்டியல் அட்டை, காட்சிப் பேழை ஆகிய ஒவ்வொன்றும் அதிகாரம் உலகை ஒழுங்குபடுத்தக் கையாண்ட கருவி. அக்கருவியை அடித்து நொறுக்காமல், அதன் கட்டங்களை மதித்து, அதில் அடங்காததை நிரப்பி வைக்கின்றார் கலைஞர். கோபம் தணிந்த கலை இது என்போர் உளர். எனினும் கந்தோர் வாசலில் ஆண்டுக்கணக்கில் படிவம் நிரப்பியோர் அந்தக் கட்டங்களில் கோபத்தைக் காணாதிருக்க மாட்டார்கள்.

போருக்குப் பின் வலிகாமம் வடக்கின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்ற பலர் கண்டது இடித்துச் சமமாக்கிய தரை. எல்லைக் கற்கள் இல்லை, வேலி இல்லை, சில இடங்களில் கிணறும் தூர்க்கப்பட்டிருந்தது. அத்தகைய நிலத்தில், அடுப்படி எங்கே இருந்தது என்பதற்கு நினைவிலிருந்து வரைந்த தரைப்படமே எஞ்சிய பதிவாகும். நீதிமன்றம் அதனை ஏற்குமா என்பது வேறு.

ஆய்வு நூலகங்களைப் பொறுத்தவரை இதில் நடைமுறைப் பிரச்சினை ஒன்றும் உண்டு. இத்தகைய நூல் வழமையாகக் கலை நூல்களின் தட்டில், கலைஞரின் பெயரால் பட்டியலிடப்படும். காணிப் பதிவு, இடப்பெயர்வு, யாழ்ப்பாணத்து மனையமைப்பு, வடமாகாண முஸ்லிம்கள் ஆகிய பொருட்தலைப்புகளிலும் அதனைச் சேர்த்தாலன்றி, அதற்கு மிகவும் தேவையான ஆய்வாளர் அதனைக் கண்டடையமாட்டார். வரைந்தோரின் பெயர்களைப் பட்டியலில் இடுவது அவர்களின் பாதுகாப்புக் கருதி விவாதிக்கப்பட வேண்டியது. அவர்களின் ஊர்ப்பெயர்களை இடுவதற்கு அத்தகைய தடை எதுவுமில்லை.