பொறியும் இடமும்: பார்வையற்ற வணிகரின் வாழ்வுரிமை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழில் 'பொறி' என்னும் சொல் கண், செவி முதலிய புலனுறுப்புகளையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும். திருக்குறளின் 618ஆம் குறளில் வரும் இச்சொல்லுக்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். இக்கால உரையாளருள் சிலர் உடலுறுப்பு எனக் கொள்வர். பின்னவர் கருத்துப்படி உறுப்புக் குறை எவர்க்கும் பழியன்று, முயலாமையே பழியாகும். ஆயின், முயல்வதற்கு ஓர் இடம் வேண்டாவா என்னும் வினாவை உரைகள் எழுப்புவதில்லை. ஒரு பொறி இல்லாதார் கடை வைத்துப் பிழைக்கும் இடத்தில் மற்றொரு பொறியாகிய தானியங்கி விற்பனை இயந்திரம் வந்து நிற்கும்போது இவ்வினா தவிர்க்க இயலாததாகிறது.

இப்போட்டியைச் சட்டத்தாலேயே எதிர்கொண்ட நாடு அமெரிக்கா. அந்நாட்டுச் சட்டத்தையும் இந்திய நடைமுறை ஒன்றையும் ஒப்பிட்டு, அவ்வொப்பீட்டின் துணைகொண்டு மலேசியச் சட்டத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கச் சட்டம்

1936ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ராண்டால்ஃப் - ஷெப்பர்டு சட்டம், கூட்டரசுக் கட்டடங்களில் சிறுகடை நடத்தும் வாய்ப்பைப் பார்வையற்றோருக்கு அளித்தது. பின்னர் அதே கட்டடங்களில் விற்பனை இயந்திரங்கள் பெருகின. கடைக்காரரிடம் வந்த நாணயம் இயந்திரத்தின் துளைக்குள் செல்லலாயிற்று. 1974ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சிக்கலுக்குத் தெளிவான ஒரு கணக்கை வகுத்தது. பார்வையற்றவரின் கடையோடு நேரடியாகப் போட்டியிடும் இயந்திரத்தின் வருவாய் முழுவதும் அவர் சார்பில் ஒதுக்கப்பட வேண்டும். நேரடிப் போட்டி இல்லாத இயந்திரமாயின் 50 விழுக்காடும், பணிநேரத்தில் பாதியேனும் வழக்கமான வேலைநேரத்திற்குப் புறம்பாக அமையும் இடங்களில் 30 விழுக்காடும் ஒதுக்கப்பட வேண்டும். தனி வணிகருக்குரிய உச்சவரம்பிற்கு மேற்பட்ட தொகை, ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி, நோய்க்கால விடுப்பூதியம் முதலியவற்றிற்குச் செல்லும்.

இச்சட்டம் குறையற்றது அன்று. படைத்துறை அங்காடிகளும் முன்னாள் படைவீரர் சிற்றுண்டிச் சாலைகளும் இவ்வருவாய்ப் பங்கீட்டிற்கு அப்பாற்பட்டவை. நேரடிப் போட்டி இல்லாத இயந்திரங்களின் ஆண்டு வருவாய் ஓரிடத்தில் 3,000 டாலரைத் தாண்டாவிடில் பங்கு இல்லை. உழைத்துப் பொருள் ஈட்டியவரை, பிறர் இயந்திரத்தின் பங்குத்தொகையை எதிர்நோக்கியிருப்பவராக இது மாற்றிவிடுகிறது என்னும் தடையும் எழக்கூடும். அத்தடை புறக்கணிக்கத்தக்கது அன்று. கடை என்பது வருவாய் மட்டுமன்று. பெயர் சொல்லி அழைக்கும் வாடிக்கையாளரும் நாள்தோறும் நிகழும் உரையாடலும் அதனுள் அடங்கும். ஆயினும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இயந்திரங்களை அனுமதித்தபோது அவற்றை நடத்துவதில் பார்வையற்றோருக்கே முன்னுரிமை தந்தது. இயந்திரத்திற்குச் சரக்கு நிரப்பிப் பராமரித்து வருவாய் ஈட்டும் வணிகராக அவர் நிலைபெற அது வழிசெய்தது. போட்டியாக வந்த பொருளே தொழிற்கருவியாகியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

இந்தியப் படிப்பினை

இந்தியாவில் பொதுத் தொலைபேசி நிலையங்களை ஒதுக்குவதில் உடற்குறையுடையோருக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. தமிழகத்துப் பேருந்து நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் பார்வையற்றோர் பலர் இத்தொழிலால் குடும்பம் காத்தனர். கைப்பேசி பரவியதும் அந்நிலையங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. தொழிலோடு சலுகையும் மறைந்தது.

இவ்விரு நாட்டு நடைமுறைகளையும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இந்தியச் சலுகை ஒரு கருவியோடு பிணைக்கப்பட்டிருந்தது. கருவி வழக்கொழிந்தபோது தானும் ஒழிந்தது. அமெரிக்க உரிமை ஓர் இடத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. கருவி மாறியபோதும் அது நிலைத்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், தொழில் தொடங்குவதற்கெனச் சலுகை விலையில் ஒதுக்கும் நிலத்தில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு உரியதாக்கியது. அது கருவியை விடுத்து இடத்தை நோக்கித் திரும்பிய நகர்வு எனலாம்.

பினாங்குச் சூழல்

மலேசியாவில் பார்வையற்றோருக்கான பணியில் பினாங்கிற்குத் தனி இடமுண்டு. 1926ஆம் ஆண்டு மலாக்காவில் தொடங்கப்பெற்ற செயின்ட் நிக்கோலஸ் இல்லம் 1931இல் பினாங்கிற்கு இடம் பெயர்ந்தது. இந்நாட்டில் பார்வையற்றோருக்கு நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட தொழில்கள் பிரம்பு பின்னுதல், தொலைபேசி இணைப்பகப் பணி, உடற்பிடிப்பு முதலியன. இவையும் கருவி அல்லது கைவினை சார்ந்தனவே. தானியங்கி இணைப்பகம் வந்ததும் தொலைபேசிப் பணி சுருங்கியது.

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேலைவாய்ப்பு பெறும் உரிமையை 29ஆம் பிரிவில் ஏற்கிறது. 2010இல் மலேசியா ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 27ஆம் விதி சுயதொழிலையும் வலியுறுத்துகிறது. பொதுத்துறைப் பணியிடங்களில் 1 விழுக்காடு என்னும் அரசுக் கொள்கையும் உண்டு. எனினும், பொதுக் கட்டடத்தில் யார் விற்கலாம், அங்கு நிறுவப்படும் இயந்திரத்தின் வருவாய் யாரைச் சேரும் என்பன பற்றி 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஏதும் கூறவில்லை. மேலும், அதன் 41, 42ஆம் பிரிவுகள் அரசுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பும் அளித்தன. உள்ளூராட்சி மன்றங்கள் கடை ஒதுக்கீட்டில் சலுகை காட்டலாம். ஆனால் சலுகை வேறு, உரிமை வேறு.

இவ்விடைவெளியின் விளைவை உணவங்காடிகளில் காணலாம். மேசைக்கு மேசை சென்று கைத்துடைப்புத் தாள் பொட்டலம் விற்கும் பார்வையற்றவர் நமக்குப் பழகிய காட்சி. அவரிடம் சரக்கு உண்டு, முயற்சி உண்டு. நிற்பதற்கு ஓர் இடம் இல்லை. எனவேதான் நாம் அவரிடம் 'வாங்குவதில்லை', 'கொடுக்கிறோம்'. மீதிச் சில்லறையை வேண்டா என்று கையசைக்கும்போது வணிகரை இரவலராக்கி விடுகிறோம்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அமைந்துள்ள கெலுகோரை எண்ணிப் பார்க்கலாம். பல்கலைக்கழகம், மருத்துவமனை, அரசு அலுவலகம் எதுவாயினும் இயந்திரம் வைக்கும் இசைவு ஓர் ஒப்பந்தத்தின் வழியே அளிக்கப்படுவதாகும். அவ்வொப்பந்தத்தில் வருவாயின் ஒரு பங்கையோ, சரக்கு நிரப்பும் பணியையோ பார்வையற்ற வணிகருக்கு உரித்தாக்கும் விதியொன்றைச் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. தொடுதிரை மட்டும் கொண்ட இயந்திரம் அவரை வாங்குபவராகவும் இருக்கவிடாது. ஒலிவழிகாட்டலும் புடைப்பெழுத்தும் அவ்விதியின் பகுதியாதல் வேண்டும்.

முடிவுரை

இயந்திரம் பார்வையற்றவரின் பிழைப்பைத் தானாகப் பறிப்பதில்லை. அதற்கு இடம் கொடுத்தவர் இவருக்கு இடம் கொடாமையே பறிக்கிறது. ஆகவே, எத்தொழிலைக் கற்பிப்பது என்பதோடு எவ்விடத்தை உரிமையாக்குவது என்பதையும் சட்டம் வினவ வேண்டும். வகுப்பறையில் 618ஆம் குறளை விளக்கும் தமிழாசிரியரும் முயற்சியின் சிறப்போடு நின்றுவிடாமல், முயல்வோருக்கு இடம் அளிக்கும் கடமை யாருடையது என்று மாணவரைக் கேட்கலாம். இரக்கத்தைப் பாடமாகக் கற்பித்தது போதும். உரிமையையும் கற்பிக்க வேண்டிய காலம் இது.