கெஸ்ட் பிளேயர் ஜெயித்துக் கொடுத்த ஆல்பம்

டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ கிடையாது. ஆனாலும் பொங்கல் சமயத்தில் ஓமலூர், ராசிபுரம் பக்கம் நடக்கிற டோர்னமென்ட்டுகளில் சண்டைக்குப் பஞ்சமிருக்காது. பாதிச் சண்டை வெளியூரிலிருந்து இறக்கிய கெஸ்ட் பிளேயரால் வரும். கடைசி ஓவரில் நாலு சிக்ஸர் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் பைக் ஏறிப் போய்விடுவார். அடுத்த வருஷம் அவர் வராவிட்டால் டீம் முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டும்.

மெட்டல் இசையில் இதே கதை நிறைய உண்டு. இண்டஸ்ட்ரியல் மெட்டலை எடுத்துக்கொள்வோம். இரும்பாலை இருக்கும் சேலத்துக்கும் லாரி பாடி கட்டும் நாமக்கல்லுக்கும் அந்தச் சத்தம் அந்நியமில்லை. அதற்கு அடிபோட்டவர்களில் ஒருவரான காட்ஃபிளெஷ் குழுவும் பர்மிங்ஹாம் என்ற பட்டறை ஊர்க்காரர்கள்தான். ஆரம்பத்தில் டிரம்மரே இல்லாமல் டிரம் மிஷினை வைத்து ஓட்டியவர்கள்.

இந்த வகையில் 1994-ல் வந்த ‘பாயின்ட் பிளாங்க்’ ஒரு தனி ரகம். செபல்டுரா குழுவின் மேக்ஸ் கவலேராவும் ஃபட்ஜ் டனல் குழுவின் அலெக்ஸ் நியூபோர்ட்டும் ‘நெயில்பாம்’ என்ற பெயரில் செய்த சைடு புராஜெக்ட். மேக்ஸின் தம்பி இகோர், ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸர், ஃபியர் ஃபேக்டரியின் டினோ கசாரெஸ் எல்லாம் கெஸ்ட். ஆனால் யாரும் தன் பேருக்காக ஆடவில்லை. சாம்ப்ளரில் வெட்டி ஒட்டிய இரைச்சல்தான் கேப்டன். 1995-ல் ஹாலந்தின் டைனமோ விழாவில் மேடையேறிவிட்டுக் கடையைச் சாத்தினார்கள். அடுத்த சீசன் என்ற கவலையே அவர்களுக்கு இல்லை.

நம் நாட்டில் இதற்குப் பக்கத்தில் வருவது ஸ்கைஹார்பர். இண்டஸ்ட்ரியல் இல்லை, புராக்ரெசிவ் மெட்டல். ஆனால் டீம் கட்டிய விதம் அச்சு அசல் அதே. டெல்லியில் கேசவ் தர் வீட்டு ஸ்டுடியோவில் தனியாளாகத் தொடங்கியது. 2012-ல் வந்த முதல் ஆல்பம் ‘பிளைண்டிங் ஒயிட் நாய்ஸ்’ இரண்டு பாகம். ‘இல்யூஷன்’ பாகத்துக்கு இங்கிலாந்தின் டேனியல் டாம்ப்கின்ஸ் குரல். ‘கேயாஸ்’ பாகத்தில் மும்பை பயானக் மௌத் குழுவின் சுனீத் ரெவங்கர் உறுமுகிறார். போதாததற்கு, மெகாடெத்தில் பத்து வருஷம் வாசித்த மார்ட்டி ஃப்ரீட்மேனின் கிதார் சோலோ இரண்டு பாடல்களில்.

அதில் ‘செலஸ்டியல்’ பாடலைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஃப்ரீட்மேன் நேராக ஸ்வரத்தில் இறங்குவதில்லை. பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு, தந்தியை வளைத்து, வேண்டிய இடத்துக்கு வழுக்கி வருகிறார். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். பெரிய பேரை இறக்கியவர்கள் அவருக்காகப் பாட்டையே நிறுத்திவைப்பது வழக்கம். தர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. வந்தவர் தனக்குக் கொடுத்த ஓவரை மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்.

டாம்ப்கின்ஸ் விஷயம் வேறு. அடியில் கிதார்கள் தாழ்ந்த சுருதியில் முறுக்கிக்கொண்டு ஓட, மேலே அவர் குரல் நீளமாக, அவசரமில்லாமல் விரிகிறது. ‘இல்யூஷன்’ பாகத்தில் மேட்ச் அவர் கையில்தான். ‘கேயாஸ்’ முரட்டு ஆட்டம், ஆனால் சின்னது. எனக்கு அது இன்னொரு டீம் அதே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்தது போலத்தான் பட்டது.

சிக்கல் பிறகு வந்தது. 2014-ல் இரண்டாவது ஆல்பம் ‘கைடிங் லைட்ஸ்’ வரை டாம்ப்கின்ஸ் இருந்தார். அடுத்த வருஷம் விலகினார். அவர் இடத்தில் பாட எரிக் எமரி வந்து, மூன்றாவது ஆல்பமான ‘சன்ஷைன் டஸ்ட்’ வெளியாக 2018 ஆகிவிட்டது. எமரி மோசமில்லை, கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். ஆனால் புதுப் பாட்டு ஒவ்வொன்றிலும் ரசிகர்கள் பழைய குரலைத்தான் தேடினார்கள். அந்தப் பழியை அவர் தலையில் போடுவது நியாயமில்லை.